மின்னூல் இலவசம்தான், வாசகர் எங்கே?

மாதக்கணக்கில் எழுதி, அட்டைப்படம் போட்டு, மின்னூலாக்கி, இலவசமாகவும் விட்டுவிட்டீர்கள். ஆனாலும் நண்பர்களைத் தவிர யாரும் எடுக்கவில்லையா? வாசகருக்குக் காசு மிச்சம், மெனக்கெடல் மிச்சமில்லை. இணைப்பைத் தொட்டதும் முதல் பக்கம் வரவேண்டும். இடையில் உள்ள தடைகளை எடுப்பதுதான் உங்கள் விளம்பர வேலை.

எங்கே வைப்பது? இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் போன்ற தளம். அங்கே நூல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் (யாரும் காசில்லாமல் பகிரலாம் என்று ஆசிரியரே தரும் அனுமதி) வெளியாகும். மற்றொன்று, அமேசானின் கே.டி.பி. (நம் நூலை நாமே வெளியிடும் சேவை). அங்கே விலையைப் பூஜ்யம் என்று போட முடியாது. 'செலக்ட்' திட்டத்தில் சேர்ந்தால் 90 நாட்களில் 5 நாட்கள் மட்டும் இலவசமாகத் தரலாம்.

இரண்டு இடத்திலும் போடலாமா? கூடாது. செலக்டில் இருக்கும்வரை அந்த மின்னூல் வேறெங்கும், உங்கள் சொந்த வலைப்பூவில்கூட, இருக்கக் கூடாது. அச்சு நூலுக்குத் தடையில்லை. 90 நாள் முடிந்ததும் திட்டம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். வேண்டாமென்றால் முன்கூட்டியே அந்தத் தேர்வை நீக்கிவிடுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் அனுமதியையோ, கொடுத்தபின் திரும்ப வாங்க முடியாது. பின்னால் விற்கும் எண்ணமிருந்தால் இப்போதே யோசியுங்கள்.

எப்போது அறிவிப்பது? அமேசானின் இலவச நாள் அமெரிக்காவின் பசிபிக் நேரப்படி நள்ளிரவில்தான் தொடங்கும். நமக்கு அப்போது பகல் 12.30, அங்கே குளிர்காலம் என்றால் 1.30. சனிக்கிழமை காலை 6 மணிக்கே "இன்று இலவசம்" என்று வாட்ஸ்அப்பில் போட்டால், திறப்பவர் கண்ணில் படுவது விலைதான். மறுபடி அவர் வரமாட்டார். நீங்களே திறந்து பார்த்து, விலை பூஜ்யமானதும் செய்தி அனுப்புங்கள். 5 நாட்களையும் ஒரேயடியாகத் தீர்த்துவிடாமல் இரண்டு, மூன்றாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

செய்தியில் என்ன எழுதுவது? "என் நூலைப் படித்து ஆதரவு தாருங்கள்" என்பதில் உங்கள் ஆசை தெரிகிறது, நூல் தெரியவில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: "ரேஷன் கடை வரிசையில் தொடங்கி கோர்ட் வாசலில் முடியும் கதை. ஒரு மணி நேரத்தில் படித்துவிடலாம். ஞாயிறு இரவு வரை இலவசம்." கீழே இணைப்பு. அவ்வளவு போதும். குழுக்களில் ஒருமுறை போடுங்கள். தினமும் போட்டால் குழுவே உங்களை மௌனமாக்கிவிடும்.

கிண்டில் கருவி (அமேசான் மின்னூல்களைப் படிக்கும் சாதனம்) இல்லாதவர் என்ன செய்வார்? போனில் கிண்டில் செயலியை இலவசமாக இறக்கிப் படிக்கலாம். இது பலருக்குத் தெரியாது, செய்தியிலேயே சொல்லுங்கள். இன்னொரு குழப்பமும் உண்டு. நூலின் பக்கத்தில் 'கிண்டில் அன்லிமிடெட்' (மாதச் சந்தா கட்டிப் படிக்கும் திட்டம்) என்ற இடத்திலும் விலை பூஜ்யம் என்றே காட்டும். அதைத் தொட்டவர் சந்தாப் பக்கத்துக்குப் போய், "இலவசம் என்றீர்களே, கார்டு எண் கேட்கிறதே" என்பார். எந்தப் பொத்தானைத் தொடவேண்டும் என்று வட்டமிட்ட ஒரு ஸ்கிரீன்ஷாட்டைச் சேர்த்து அனுப்புங்கள்.

அமேசான் வேண்டாம் என்றால் எந்த வடிவில் தருவது? ஏ4 அளவு பிடிஎஃப் போனில் எறும்பு எழுத்தாகத் தெரியும். ஈபப் (எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் திரைக்கேற்ப மடங்கும் கோப்பு) நல்லது. ஈபப் திறக்கத் தெரியாதவருக்காகச் சிறிய பக்க பிடிஎஃப் ஒன்றும் வையுங்கள். அட்டைப்படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். தலைப்பு படிக்க முடிகிறதா?

விமர்சனம் கேட்கலாமா? கேட்கலாம். ஆனால் குடும்பத்தாரை எழுதச் சொல்வதும், காசு கொடுத்து எழுத வைப்பதும் அமேசான் விதிக்கு விரோதம், விமர்சனங்கள் நீக்கப்படலாம். நூலின் கடைசிப் பக்கத்திலேயே இரண்டு வரியில் கேளுங்கள். உங்கள் அடுத்த நூலின் பெயரையும் அங்கேயே சொல்லுங்கள். அதுவரை வந்தவர் உங்கள் எழுத்தை முழுக்கப் படித்தவர். அடுத்த நூலைக் காசு கொடுத்து வாங்கக் கூடியவரும் அவரே.