இரைப்பைக்கு ஒரு பட்டி: கட்டுவதற்கு முன் கேட்கவேண்டியவை

2016ஆம் ஆண்டின் மாரிகால இரவொன்றில், இலண்டன் வைத்தியசாலை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து எனக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவள் பதின்மூன்று வயதுச் சிறுமி. "அங்கிள், அம்மாவுக்குத் தண்ணியும் இறங்குதில்லை. டொக்டர் கேக்கிறது எனக்கு விளங்குது, ஆனால் அதைத் தமிழில சொல்லத் தெரியேல்லை" என்றாள். தகப்பனார் அருகில் நின்றும் வாய்திறக்க வழியின்றி இருந்தார். பத்தாண்டுகள் ஐரோப்பியப் பெருநிலத்து நாடொன்றில் வாழ்ந்து, அந்நாட்டு மொழியை ஒருவாறு வசப்படுத்திக்கொண்டு, பிள்ளைகளின் ஆங்கிலக் கல்விக்காக இலண்டனுக்கு இடம்பெயர்ந்த குடும்பம் அது.

நான் சென்று சேர்ந்தபோது அப்பெண்மணி தமது உமிழ்நீரையே விழுங்க முடியாமல் ஒரு பாத்திரத்தில் துப்பிக்கொண்டிருந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன், பழைய நாட்டிலுள்ள தனியார் சிகிச்சை நிலையமொன்றில், கடன்பட்டு, உடல் மெலிவதற்காக இரைப்பையில் பட்டி பொருத்தியிருந்தார். உறவினருக்குக்கூடச் சொல்லவில்லை. வைத்தியர் இரண்டு கேள்விகளையே கேட்டார்: அந்தப் பட்டி எந்த வகை? அதனுள் எத்தனை மில்லிலீற்றர் நீர் ஏற்றப்பட்டுள்ளது? கணவரிடம் அகதி விண்ணப்பக் காலத்திலிருந்து சேர்த்துவைத்த கடதாசிகள் அனைத்தும் ஒரு கோப்பில் இருந்தன. ஊர்க் கிராம சேவகரின் உறுதிக்கடிதம்கூட இருந்தது. இந்தக் கேள்விகளுக்கு விடைதரும் கடதாசி மட்டும் இருக்கவில்லை.

வைத்தியர் வயிற்றுத் தோலின்கீழ் விரலால் தடவி, நாணயமளவிலான ஒரு தடிப்பைக் கண்டுபிடித்து, அதனுள் ஊசியைச் செலுத்தி நீரை உறிஞ்சி எடுத்தார். எல்லாம் சில நிமிடங்கள். பின்னர் ஒரு கோப்பைத் தண்ணீரைக் கொடுத்தார். அது இறங்கியது. அப்பெண்மணி அழுதார்.

இப்பட்டி எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்தால் அந்தச் சில நிமிடங்களின் பொருளும் விளங்கும். சிலிக்கோனால் ஆன ஒரு வளையம் இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றிக் கட்டப்படுகிறது. அதற்கு மேலே சிறு கிண்ணம் போன்ற ஒரு பை உண்டாகிறது. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 15 முதல் 30 மில்லிலீற்றர் வரைதான். சிறிதளவு உண்டதும் அப்பை நிறைந்து பசி அடங்குகிறது. வளையத்தின் உட்புறம் ஊதிப் பெருக்கக்கூடியது. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வந்து, தோலின்கீழ்ப் பதிக்கப்பட்ட வாயிலொன்றில் முடிகிறது. அவ்வாயிலூடாக உப்புநீரை ஏற்றினால் பட்டி இறுகும், எடுத்தால் தளரும். குடலை வெட்டுவதில்லை, இரைப்பையை அகற்றுவதில்லை, வேண்டாமென்றால் கழற்றலாம். இதன் கவர்ச்சி அதிலேயே இருந்தது. (நான் 'பட்டி' என்று மொழிபெயர்த்தபோது பக்கத்துக் கட்டிலில் இருந்த நம்மூர் முதிய பெண்மணி ஒருவர், பிள்ளைப்பேற்றின் பின் வயிற்றில் கட்டும் துணிதானே என்று கேட்டார். சொல்லின் குற்றம் என்னுடையது.)

இந்தச் சிகிச்சையின் வரலாற்றில் நம்மைப் போன்றவர்களின் சாயல் சற்று உண்டு. 1980களின் நடுப்பகுதியில், இறுக்கவும் தளர்த்தவும் கூடிய பட்டியை சுவீடனில் ஹால்பேர்க், ஃபோர்செல் என்போரும், அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் லுபோமிர் குஸ்மாக் என்பவரும் தனித்தனியே உருவாக்கினர். குஸ்மாக் உக்ரேனிய வம்சத்துப் புலம்பெயர்ந்த வைத்தியர். வயிற்றைக் கிழிக்காமல் சிறு துவாரங்கள் வழியே அதைப் பொருத்தும் முறையை 1993 செப்டெம்பரில் பெல்ஜியத்தில் செய்துகாட்டியவர் மிற்றிகு பெலாச்சு. எதியோப்பியக் கிராமமொன்றில் மந்தை மேய்த்த சிறுவனாய் இருந்து, புலமைப்பரிசில் பெற்று ஐரோப்பா சென்று வைத்தியரானவர். 2001இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இப்பட்டியை அங்கீகரித்தது. அடுத்த பத்தாண்டுகள் அதன் பொற்காலம். பின்னர் வீழ்ச்சி. அமெரிக்காவில் 2011இல் உடற்பருமனுக்கான சத்திரசிகிச்சைகளில் மூன்றிலொரு பங்குக்கு மேல் பட்டியாக இருந்தது. 2018இல் அது நூற்றுக்கு ஒன்றளவாகச் சுருங்கியது. பிரித்தானியாவிலும் இன்று அது அரிதாகவே பொருத்தப்படுகிறது. ஆயினும் முன்னர் பொருத்திய பட்டிகளைச் சுமந்தபடி நம்மவர் பலர் ஐரோப்பாவெங்கும் நடமாடுகின்றனர். விலை குறைவென்று விளம்பரம் பார்த்து எல்லை தாண்டிச் செல்வோரும் இருக்கின்றனர். இக்கட்டுரை இவ்விரு சாராருக்குமானது.

வீழ்ச்சிக்குக் காரணம் என்ன? 1990களில் பட்டி பொருத்தப்பட்டவர்களைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேல் கழித்துத் தேடிப் பரிசோதித்த பிரசெல்ஸ் வைத்தியர்கள், 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ அரைவாசிப் பேருக்குப் பட்டியைக் கழற்றவேண்டி வந்ததாக எழுதினர். பட்டி வழுகுவது ஒரு சிக்கல். இரைப்பைச் சுவரை மெல்ல அரித்து உள்ளே புகுவது இன்னொன்று. குழாயில் ஒழுக்கு, வாயிலில் கிருமித்தொற்று, உணவுக்குழாய் வீங்கி விரிதல் என்பனவும் உண்டு. ஆனால் அவுஸ்திரேலியாவின் மெல்போர்னில் போல் ஓபிரையன் குழுவினர் 2013இல் வெளியிட்ட நீண்டகால ஆய்வோ, பத்தாண்டுகள் கடந்தும் நோயாளிகள் தமது மிகை எடையில் சராசரியாக 47 வீதத்தை இழந்த நிலையிலேயே இருந்ததாகக் கூறியது. இரண்டு ஆய்வுகளிலும் பட்டி ஏறத்தாழ ஒன்றே. மெல்போர்னில் நோயாளிகளை மீண்டும் மீண்டும் அழைத்து, நீரைக் கூட்டிக் குறைத்து, கண்காணித்தபடி இருந்தனர். வேறு காரணங்களும் இருக்கலாம். எனினும் எனது எண்ணத்தில் இதுவே முதன்மையானது. பட்டி என்பது ஒரு நாளில் முடிந்துபோகும் சத்திரசிகிச்சை அன்று. அதை அறிந்த கைகளுடன் வாழ்நாள் முழுவதும் வைத்துக்கொள்ளவேண்டிய உறவு. நிலையான முகவரி இல்லாத மனிதருக்கு அந்த உறவு எவ்வளவு கடினமானது என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

எனவே, பட்டியானாலும் வேறெந்தச் சத்திரசிகிச்சையானாலும், 'எவ்வளவு செலவு' என்று கேட்பதற்கு முன் 'அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் என்னைப் பார்ப்பவர் யார்' என்று கேளுங்கள். நாட்டைவிட்டு, அல்லது அதிகாரிகள் அனுப்பும் வேறு நகரத்துக்கு, நான் மாறிப்போனால் பட்டியை யார் தளர்த்துவார்? அகதி விண்ணப்பம் நிலுவையில் உள்ளவர்களுக்கு இங்கிலாந்தில் வைத்தியசாலைச் சிகிச்சை இலவசம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்களிடம், குறித்த சில அரச உதவிகளைப் பெறுவோர் தவிர, திட்டமிட்ட சிகிச்சைகளுக்குக் கட்டணம் அறவிடப்படலாம். அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் பெறும் சிகிச்சைக்கு எவரும் கட்டணம் செலுத்தவேண்டியதில்லை. ஆகவே நீரும் இறங்காத நிலையில், பணத்துக்கு அஞ்சி வீட்டில் கிடக்காதீர்கள். நாட்கணக்காக வாந்தி தொடர்ந்தால் பி1 விற்றமின் வற்றி நரம்பும் மூளையும் பாதிக்கப்படலாம். நமது பெண்மணியோ வாந்தியைப் பட்டியின் ஒழுங்கு என்றே எண்ணியிருந்தார். "சேர், வாந்தி வந்தால்தான் வேலை செய்யுது எண்டு நினைச்சன்" என்றார்.

உணவைப் பற்றி விளம்பரங்கள் சொல்லாத ஒன்று உண்டு. இறுகிய பட்டி பாணையும் நாருள்ள இறைச்சியையும் தடுக்கும். நமது மேசையில் உதிர்ந்த புட்டும் கட்டிச்சோறும் அப்படியே சிக்கிக்கொள்ளும். ஆனால் சீனி போட்ட பால்தேநீரும் ஐஸ்கிறீமும் பாயாசமும் தடையின்றி இறங்கிவிடும். இரண்டு ஆண்டுகளாக அப்பெண்மணி உயிர்வாழ்ந்தது அவற்றால்தான். அதனால் வாந்தியும் இருந்தது, எடையும் திரும்பியது. மிகச் சிறிய கவளம், நீண்ட மெல்லல், உண்ணும்போது நீர் அருந்தாமை என்பவை பட்டியுடன் வாழும் முறைகள். இரவுவேலை முடிந்து நின்றபடியே விழுங்குகின்ற நமது பழக்கத்துக்கு இது முற்றிலும் மாறானது.

எவர் தகுதியுடையவர் என்பதிலும் நம்மவர் அறியவேண்டியது உண்டு. கிலோவில் உள்ள எடையை, மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடற்றிணிவுச் சுட்டி. பிரித்தானியாவின் நைஸ் நிறுவன வழிகாட்டலின்படி, அது 40 அல்லது மேல் என்றால், அல்லது நீரிழிவு போன்ற நோயுடன் 35க்கு மேல் என்றால், சத்திரசிகிச்சைக்கு அனுப்பலாம். தெற்காசிய வம்சத்தவருக்கு இவ்வெல்லைகள் 2.5 குறைவு. 1.60 மீற்றர் உயரமுள்ள தமிழ்ப் பெண் ஒருவருக்கு, நோயிருந்தால், ஏறத்தாழ 83 கிலோவிலேயே அந்தக் கதவு திறக்கிறது. நமக்கு குறைந்த எடையிலேயே நீரிழிவு வந்துவிடுவதே இச்சலுகைக்குக் காரணம். குடும்ப வைத்தியர் இதை மறந்தால் நினைவூட்டுங்கள். தனியாரிடம் கடன்படும் முன் இந்தக் கதவைத் தட்டுவது நன்று. இச்சேவையில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்க்கவேண்டும் என்ற விதியும் உண்டு. இன்று இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி அகற்றுவதையோ, குடலை மாற்றி இணைப்பதையோதான் வைத்தியர்கள் பெரிதும் கூறுவர். அவை கூடுதலாக எடையைக் குறைப்பவை. ஆனால் வெட்டியது வெட்டியதே, ஆயுள் முழுவதும் விற்றமின் குளிசைகளும் இரத்தப் பரிசோதனைகளும் வேண்டும். வாரமொருமுறை போடும் ஊசிமருந்துகளும் வந்துவிட்டன.

ஏற்கெனவே பட்டி உள்ளவர்கள் சத்திரசிகிச்சை அறிக்கையின் பிரதியைக் கேட்டுப் பெறுங்கள்: பட்டியின் வகை, அது கொள்ளும் அளவு, கடைசியாக ஏற்றிய நீரின் அளவு. நம்மிடம் கடதாசிகளுக்குக் குறைவில்லை, இன்னுமொன்று சேரட்டும். கருவுற்றால் உடனே தெரிவியுங்கள். பட்டியைத் தளர்த்த வேண்டியிருக்கலாம். வைத்தியசாலையில் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். தாயின் குடலைப் பற்றிப் பிள்ளையைப் பேசவைக்காதீர்கள். அன்றிரவு அச்சிறுமியின் முகத்தை நான் பார்த்தேன்.

அப்பெண்மணியின் பட்டி வழுகியிருந்தது. 2017இல் அதைக் கழற்றினர். எடை பழைய இடத்துக்கே வந்துவிட்டது. வேறு முறையிலான சத்திரசிகிச்சை செய்யலாமா என்று வைத்தியர்கள் கேட்டபோது, யோசிக்க நாள் வேண்டும் என்றார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.