ஆணியைப் பிடுங்காதீர்கள்

குன்றத்தூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போகும் சாலைகளின் ஓரத்தைச் சற்றுக் குனிந்து பார்த்தால் போதும். லாரிப் பலகையிலிருந்து உதிர்ந்த ஆணி, பேக்கிங் பெட்டியைச் சுற்றியிருந்த தகட்டுப் பட்டை, கடைசல் பட்டறையின் இரும்புச் சுருள், போல்ட், வாஷர் என்று எல்லாம் கிடக்கும். டயருக்கு எமன் இவைதான். குளம்புக்கும் இவைதான். மாப்பிள்ளை அழைப்புக்கு ஜரிகையும் மணியும் கட்டிக் கூட்டிவரும் குதிரை பாதி வழியில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டால், குதிரைக்காரர் முதலில் குளம்பைத் திருப்பிப் பார்ப்பார். அடியில் ஆணி தெரிந்தால் கை தானாகவே கொறடைத் தேடும்.

கால்நடை மருத்துவர்கள் தடுப்பது அந்தக் கையைத்தான். பிடுங்கக் கூடாது; முதலில் எக்ஸ்ரே.

ஆணியை உருவியதும் குளம்பின் அடிப்பகுதி சுருங்கித் துளையை மூடிவிடும். ஆணி எந்தக் கோணத்தில், எவ்வளவு ஆழம் போனது என்பதற்கான சாட்சியும் அதோடு போய்விடும். ஆணி இருக்கும்போதே பக்கவாட்டில் ஒன்று, முன்னாலிருந்து ஒன்று என இரண்டு படம் எடுத்தால் அதன் நுனி எதைத் தொட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். விளிம்போரமாக ஏறியிருந்தால் பெரும்பாலும் சீழ்க்கட்டியோடு போகும். கீறி வடித்துச் சுத்தமாகக் கட்டினால் குதிரை தேறிவிடும். நடுப்பகுதியில் ஏறியிருந்தால் கதை வேறு. அங்கே படகு வடிவில் நாவிகுலர் என்ற சின்ன எலும்பும், அதை ஒட்டி வழுவழுப்பான திரவம் நிறைந்த ஒரு பையும், அவற்றின் மேல் சறுக்கிச் செல்லும் பெரிய தசைநாணும் இருக்கின்றன. அந்தப் பைக்குள் கிருமி நுழைந்தால் அவசர அறுவைதான். தாமதித்தால் குதிரை மறுபடி வேலைக்கு வருவது அரிது. அதனால் குதிரையை நடத்தாமல், ஆணி இன்னும் உள்ளே ஏறாதபடி அதைவிட உயரமான கட்டைகளைக் குளம்பில் வைத்துக் கட்டி, மருத்துவரை வரவழைக்கச் சொல்கிறார்கள். வேறு வழியே இல்லாமல் பிடுங்க நேர்ந்தால், அதற்குமுன் செல்போனில் படமெடுத்து, துளை இருந்த இடத்தில் அடையாளம் வைப்பது பிறகு உதவும். எப்படியானாலும் டெட்டனஸ் ஊசி கட்டாயம். வீட்டு விலங்குகளில் அந்த நோய்க்குக் குதிரை அளவுக்கு எளிதில் இரையாவது வேறில்லை.

ஆணி விஷயத்தில் இடம் கண்ணுக்குத் தெரிகிறது. குதிரை நொண்டுவதில் பெரும்பாலும் அந்த வசதி இல்லை. குதிரை நிற்பது நடுவிரலின் நுனியில். முன்காலில் நாம் முழங்கால் என்று சொல்வது உண்மையில் அதன் மணிக்கட்டு. அதற்குக் கீழே தசை என்று பேருக்குத்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் எலும்பு, தசைநாண், தோல், குளம்பு. 450, 500 கிலோ உடம்பில் ஏறத்தாழ 60 சதவீதம் முன்கால்களின் மேல் விழுகிறது. முன்கால் நொண்டல்களில் பெரும்பகுதி குளம்புக்குள்ளிருந்தே வருவதில் வியப்பில்லை.

நல்ல மருத்துவர் இயந்திரத்தை உடனே திறப்பதில்லை. குதிரையைக் கெட்டியான தரையில் நேர்கோட்டில் துள்ளுநடையில் ஓட்டிக் காட்டச் சொல்வார். வலிக்கும் முன்கால் தரையில் படும்போது தலை மேலே போகும். நல்ல கால் படும்போது கீழே இறங்கும். பின்காலில் கோளாறு என்றால் இடுப்பு ஏறி இறங்குவதைப் பார்க்க வேண்டும். அமெரிக்கக் குதிரை மருத்துவர் சங்கம் இதற்கு 0 முதல் 5 வரை தரவரிசை வைத்திருக்கிறது. 5 என்றால் காலை ஊன்றவே முடியாத நிலை. இப்போது ஸ்வீடனில் உருவான ஸ்லீப் போன்ற செயலிகள் செல்போன் வீடியோவிலேயே தலையசைவின் வித்தியாசத்தை அளந்து சொல்கின்றன. ஆனால் காட்டுவதற்கு முந்தின இரவு குதிரைக்கு வலி மாத்திரை கொடுத்துவிட்டால் கண்ணும் ஏமாறும், செயலியும் ஏமாறும். இரக்கப்பட்டுச் செய்கிற இந்தக் காரியம் நோயை ஒளித்துவைக்கிறது.

அடுத்தது மரத்துப்போகும் ஊசி. குளம்புக்குப் போகும் நரம்பின் அருகே கொஞ்சம் மருந்தைச் செலுத்தி, சில நிமிடம் காத்திருந்து, மறுபடி ஓட்டிப் பார்ப்பார்கள். நொண்டல் மறைந்தால் வலி அதற்குக் கீழே இருக்கிறது. மறையாவிட்டால் ஒரு படி மேலே ஏறி அடுத்த நரம்பு. இப்படிக் கீழிருந்து மேலாக ஏறிப் போய் இடம் குறுகிய பிறகே படத்துக்கு வேலை. எலும்பில் கீறல் இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் இந்த ஊசியைத் தவிர்ப்பார்கள். வலி தெரியாமல் குதிரை முழுப் பாரத்தையும் ஊன்றினால் கீறல் முறிவாகிவிடும்.

இந்த வரிசையைத் தாண்டிக் குதித்து, நான்கு காலையும் படமெடுத்துத் தள்ளுவது பணக்காரத் தொழுவங்களின் பழக்கம். அதில் விழும் குழி ஆழமானது. நன்றாக ஓடும் குதிரையின் நாவிகுலர் எலும்பிலும் படத்தில் மாற்றங்கள் தெரியும். தாங்க முடியாத வலியில் இருக்கும் குதிரையின் படம் சுத்தமாகவும் இருக்கலாம். வலி எங்கே என்று முன்கூட்டியே தெரியாதவருக்கு இரண்டும் வழிகாட்டாது.

எக்ஸ்ரே எடுப்பதில் ஒரு கைத்தொழில் நுணுக்கம் இருக்கிறது. ரான்ட்ஜன் 1895 நவம்பரில் கதிரைக் கண்டுபிடித்த சூட்டோடு ஐரோப்பியக் கால்நடை மருத்துவர்கள் குதிரைக் குளம்பைப் படமெடுக்க முனைந்தார்கள். தசையில்லாத கால் என்பதால் கதிர் எளிதில் ஊடுருவும். ஆனால் குளம்பின் அடிப்பள்ளங்களில் மண்ணோ சாணமோ இருந்தால் அது எலும்பு நோய் போலவே படத்தில் நிழலாடும். சுரண்டி, தேய்த்துக் கழுவி, பள்ளங்களில் குழந்தைகள் விளையாடும் களிமண் மாதிரியான பசையை அடைப்பார்கள். காற்று நிற்கும் இடைவெளி எலும்பின் குறுக்கே கறுப்புக் கோடாக விழுந்து, இல்லாத முறிவைக் காட்டிவிடும் என்பதே காரணம். லாடத்தைக் கழற்ற வேண்டும். கால் மரக்கட்டையின் மேல் நிற்க வேண்டும். கையடக்க இயந்திரம் வந்தபிறகு தொழுவத்திலேயே படமெடுத்து மடிக்கணினியில் உடனே பார்க்க முடிகிறது. லேசான மயக்க ஊசி போட்டால் குதிரை தலையைத் தொங்கப்போட்டு அசையாமல் நிற்கும். பிடித்திருப்பவருக்கும் ஈய ஏப்ரன் வேண்டும். பல தொழுவங்களில் மருத்துவர் மாட்டிக்கொள்கிறார், குதிரைக்காரப் பையன் சட்டையோடு நிற்கிறான் என்பது இந்தத் தொழிலின் அசிங்கம்.

எக்ஸ்ரேக்குத் தெரியாதவையும் உண்டு. எலும்பின் சுண்ணாம்புச் சத்து கணிசமாகக் குறைந்தால்தான் படத்தில் மாற்றம் தெரியும். மயிரிழைக் கீறல் முதல் நாளில் தெரியாமல் ஒரு வாரம், பத்து நாள் கழித்து எடுத்த படத்தில் தெரிவது வழக்கம். தசைநாண் கிழிந்தால் எக்ஸ்ரேயில் ஒன்றுமே இருக்காது, அதற்கு அல்ட்ராசவுண்ட். பந்தயக் குதிரையின் முன்காலின் பின்புறம் வில்லாக வீங்கும்போது, உள்ளே எத்தனை நார் அறுந்தது, எவ்வளவு ஆறியது என்று சொல்வது அந்தக் கருவிதான். குளம்புக்குள் இருக்கும் மென்மையான பகுதிகளைக் காட்ட எம்.ஆர்.ஐ. வேண்டும், குதிரையை நிற்க வைத்தே எடுக்கும் இயந்திரம் பிரிட்டனில் 2002 வாக்கில் புழக்கத்துக்கு வந்தது.

பந்தய உலகம் இந்த இயந்திரங்களுக்கு ஓடிவந்தது சாவுகளுக்குப் பிறகே. கலிபோர்னியாவின் சான்டா அனிட்டா மைதானத்தில் 2018 டிசம்பர் முதல் 2019 ஜூன் வரையிலான பருவத்தில் 30 குதிரைகள் இறந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் நிற்கும் குதிரையின் காலைப் படமெடுக்கும் பெட் ஸ்கேனர் அங்கே வந்தது. 2020 மெல்போர்ன் கோப்பைப் பந்தயத்தில் ஆன்டனி வான் டைக் என்ற குதிரை கால் முறிந்து இறந்ததும், வெளிநாட்டுக் குதிரைகளுக்கு ஸ்கேன் கட்டாயமானது. 2024இல் அந்த விதி ஒரு சண்டையைக் கிளப்பியது. ஜான் புரூகல் என்ற அயர்லாந்துக் குதிரையை சி.டி. ஸ்கேனில் ஆபத்து தெரிகிறது என்று விலக்கினார்கள். குதிரை நொண்டவே இல்லையே என்று பயிற்சியாளர் எய்டன் ஓபிரையன் கொதித்தார். அடுத்த ஆண்டு ஜூனில் அதே குதிரை எப்சமில் கொரனேஷன் கோப்பையை வென்றது. மருத்துவர்கள் தவறு செய்தார்கள் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஸ்கேன் ஆபத்தின் அளவைத்தான் சொல்லும், முறியும் தேதியைச் சொல்லாது. விலக்கியதால் அந்தக் கால் பிழைத்ததா, எப்படியும் பிழைத்திருக்குமா என்பதற்கு எந்த இயந்திரத்திலும் பதிலில்லை.

தமிழ்நாட்டுக் குதிரைக்குக் கால் வைத்தியம் பழைய பிரச்சினை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, அரசர் ஆண்டுக்கு 2,000க்கும் மேல் அரபுக் குதிரைகளை வாங்கினாலும் ஆண்டு முடிவில் 100 தேறுவதில்லை என்கிறார். குதிரை வைத்தியம் தெரிந்த ஆள் இங்கே இல்லையாம். அப்படிப்பட்டவர் வராமல் குதிரை வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்கள், செத்தால்தானே அடுத்த கப்பல் விற்கும் என்பது அவர் சொல்லும் காரணம். எண்ணிக்கையில் பயணியின் மிகை இருக்கலாம். வியாபாரக் கணக்கு மட்டும் நம்பும்படிதான் இருக்கிறது.

இன்று குன்றத்தூர்க்காரருக்கு வேப்பேரி இருக்கிறது. 1903இல் சைதாப்பேட்டையில் தொடங்கி வேப்பேரிக்கு வந்த சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி, சுமார் 25 கிலோமீட்டர் தூரம். கிண்டியில் 18ஆம் நூற்றாண்டிலிருந்து பந்தயம் நடந்ததால் குதிரைக்கால் தெரிந்த மருத்துவர்களும் லாடம் அடிப்பவர்களும் இந்த நகரத்தில் தலைமுறையாக உருவானார்கள். 2024 செப்டம்பரில் அரசு கிண்டி மைதானத்துக்குச் சீல் வைத்தபோது நிலத்தின் மதிப்பைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். அந்தக் கைகள் எங்கே போகும் என்று அதிகம் பேர் கேட்கவில்லை. மெரினாவில் சவாரி போகும் குதிரைக்கும் கல்யாணக் குதிரைக்கும் அந்தக் கைகள்தான் கசிந்து வந்துகொண்டிருந்தன.

கால் எலும்பே முறிந்துவிட்டால் குதிரையைக் காப்பாற்றுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இரண்டு குதிரைகள் பாடம். 2016 மார்ச்சில் டேராடூன் போராட்டக் களத்தில் உத்தராகண்ட் காவல்துறைக் குதிரை சக்திமானின் பின்கால் முறிந்தது. காலை எடுத்து, செயற்கைக் கால் பொருத்தியும் ஏப்ரல் 20 அன்று அது இறந்தது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் டெர்பி பந்தயம் வென்ற பார்பரோ என்ற குதிரைக்கு உலகின் சிறந்த அறுவை கிடைத்தது, முறிந்த எலும்பு சேரவும் செய்தது. ஆனால் பாரம் முழுவதும் மற்றக் கால்களுக்கு மாறியதில் குளம்புகளுக்குள் அழற்சி வந்து, 2007 ஜனவரியில் அதைக் கருணைக்கொலை செய்தார்கள். லேமினைட்டிஸ் எனப்படும் அந்த அழற்சியில் குளம்போடு எலும்பைப் பிணைத்திருக்கும் மடிப்புகள் விட்டுக்கொடுக்க, எலும்பு கீழ்நோக்கிச் சுழன்று உள்ளங்குளம்பை அழுத்தும்.

அந்தச் சுழற்சியை அளக்க இன்றைக்கும் சாதாரணப் பக்கவாட்டு எக்ஸ்ரே போதும். குளம்பின் முன்சுவரில் நேரான கம்பித்துண்டு ஒன்றை ஒட்டி, அடியில் ஒரு குண்டூசியை அடையாளமாக வைத்துப் படமெடுப்பார்கள். கம்பிக்கும் எலும்புக்கும் இடையிலான கோணமும், எலும்பு நுனிக்குக் கீழே எத்தனை மில்லிமீட்டர் குளம்பு மிச்சமிருக்கிறது என்பதும் அதிலேயே தெரியும். படத்தைப் பார்த்தபடியே லாடக்காரர் எங்கே சீவலாம், எங்கே ஒரு மில்லிமீட்டர்கூடத் தொடக் கூடாது என்று முடிவு செய்வார். மருத்துவரும் லாடக்காரரும் ஒரே திரையை ஒன்றாகப் பார்க்கும் தொழுவங்கள் இங்கே குறைவு. பெரும்பாலும் படம் மருத்துவரின் மடிக்கணினியில் இருக்கும். அரம் பிடித்தவர் அடுத்த வாரம் வந்து தன் கணக்குக்குச் சீவிவிட்டுப் போவார். செல்போனில் அந்தப் படத்தை அவருக்கு அனுப்புவதற்குச் செலவு ஏதுமில்லை.