பெரியவர்களின் கைத்தொலைபேசி உடல்நலத்துக்கும் உதவட்டும்

காலையில் எழுந்ததும் வாட்ஸ்அப்பில் வணக்கம் அனுப்பும் தாத்தா பாட்டிகள் இன்று பட்டணத்தில் மட்டுமல்ல, தோட்டப்புறத்திலும் இருக்கிறார்கள். பக்திப் பாடல், யூடியூப் செய்தி, தொடர் நாடகம் என்று மணிக்கணக்கில் உட்கார்ந்துவிடுகிறார்கள் என்பது பிள்ளைகளின் குறை. ஆனால், வீட்டிலுள்ள இளையவர்கள் சற்று நேரம் ஒதுக்கினால், அதே கைத்தொலைபேசி அவர்களை எழுந்து நடக்கவும் வைக்கும்.

இதில் நாம் அக்கறை காட்டக் காரணம் உண்டு. சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி, நாட்டில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய மூவரில் ஒருவர். நீரிழிவு கட்டுப்பாட்டை மீறினால் கண், கால், சிறுநீரகம் எல்லாம் பாதிக்கப்படும். வாரம் மூன்று முறை டயாலிசிஸ் என்றாகிவிட்டால், அழைத்துச் செல்லும் பிள்ளையின் வேலையும் பாதிக்கப்படுகிறது.

மாத்திரைக்கு அலாரம்

கைத்தொலைபேசியிலுள்ள அலாரமே போதும்; தனிச் செயலி தேவையில்லை. மெட்ஃபோர்மின் போன்ற மாத்திரைகளை உணவோடு அல்லது உணவுக்குப் பின் எடுக்க வேண்டும் என்பதால், பெரியவர் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்துக்கு ஏற்ப அலாரம் வையுங்கள். எழுத்து தெரியவில்லை என்றால் எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள். படிக்கச் சிரமப்படுபவருக்கு, “தாத்தா, சாப்பிட்டாச்சா? மாத்திரை போடுங்க” என்று பேரப்பிள்ளையின் குரலைப் பதிவு செய்து அலாரம் ஒலியாக வைக்கலாம். பல கைத்தொலைபேசிகளில் இந்த வசதி உண்டு.

10,000 அடிகள் கட்டாயமா?

இல்லை. அந்த எண் 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. 2022இல் ‘லான்செட் பப்ளிக் ஹெல்த்’ இதழில் வெளியான, 15 ஆய்வுகளின் தொகுப்பு, 60 வயதைக் கடந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 6,000 முதல் 8,000 அடிகள் வரை நடப்பதிலேயே பெரும்பாலான பலன் கிடைப்பதாகக் கூறுகிறது.

முதல் வாரம் எதையும் மாற்றாமல், எத்தனை அடிகள் நடக்கிறார் என்று மட்டும் பாருங்கள். 2,000 என்றால் அடுத்த இலக்கு 2,500. மேசையில் கிடக்கும் கைத்தொலைபேசி அடிகளை எண்ணாது. சேலை, கைலி கட்டுபவர்களுக்கு இடுப்பில் அல்லது தோளில் மாட்டும் சிறிய பை உதவும். இன்சுலின் போடுபவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு நடையைக் கூட்டுவது நல்லது. நடக்கும்போது கையில் மிட்டாயும் இருக்கட்டும்.

குடும்பக் குழு

அன்றாட அடிகளின் எண்ணிக்கையையும் இரத்த அழுத்தக் கருவி காட்டும் அளவையும் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லுங்கள். கிளினிக்கில் மருத்துவரிடம் காட்டவும் அந்தப் படங்கள் பயன்படும். எண்ணிக்கை குறைந்த நாளில் விசாரணை வேண்டாம். “முட்டி வலிக்குதாம்மா?” என்று கேட்டால், மறுநாளும் அனுப்புவார். அரசாங்கக் கிளினிக் முன்பதிவை மைசெஜாத்ரா செயலியில் செய்யவும் சொல்லிக் கொடுங்கள்.

எவற்றை நம்பக் கூடாது?

“இந்தச் சாற்றைக் குடித்தால் மாத்திரையே வேண்டாம்” என்று வரும் செய்திகளை நம்பி மருந்தை நிறுத்துவது ஆபத்து. இப்படி ஏதாவது வந்தால் முதலில் பிள்ளைகளிடம் காட்டும்படி சொல்லி வையுங்கள். தோலைத் துளைக்காமல் இரத்தத்தில் சீனியின் அளவைக் காட்டுவதாக விற்கப்படும் கடிகாரங்கள், மோதிரங்கள் எதற்கும் தான் அங்கீகாரம் அளிக்கவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. விரல் நுனியில் இரத்தம் எடுத்துப் பார்க்கும் பழைய முறையைக் கைவிட வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கற்றுக்கொடுத்தால் பெரியவர்கள் சலித்துப்போவார்கள். இந்த வாரம் மாத்திரை அலாரம் மட்டும் போதும். அது பழகிய பிறகு நடையைத் தொடங்கலாம்.