அண்ணனூரில் கிளம்பும் ரயிலும் ஸ்ரீதரரின் வழியும்

சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் போகும் தடத்தில் ஆவடிக்கு முந்தின நிறுத்தம் அண்ணனூர். மின்சார ரயில்களைப் பராமரிக்கும் கார்ஷெட் இங்கேதான் இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை மிரட்டும் சமன்பாடுகளை இந்த ஊர்த் தண்டவாளத்தை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

ஒரு லோக்கல் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. பக்கத்துத் தடத்தில், 2 கிலோமீட்டர் பின்னால், ஓர் எக்ஸ்பிரஸ் 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எப்போது எட்டிப்பிடிக்கும்? நேரத்தை ‘ந’ என்றால், 60ந = 40ந + 2. இருபுறமும் 40ந-ஐக் கழித்தால் 20ந = 2. பத்தில் ஒரு மணி, அதாவது 6 நிமிடம். வேகம் மாறாதவரை கணக்கு நேரியல், விடையும் ஒன்றுதான்.

கிளம்பும் ரயிலின் கதை வேறு. அதன் வேகம் நொடிக்கு நொடி ஏறுகிறது. இப்போது நொடிக்கு 2 மீட்டர் வேகம். ஒவ்வொரு நொடியும் 0.6 மீட்டர் கூடுகிறது. இன்னும் 50 மீட்டர் போக எத்தனை நொடி? கடக்கும் தூரம் 2ந + 0.3ந². இதை 50-க்குச் சமமாக்கி, 10-ஆல் பெருக்கினால் 3ந² + 20ந = 500. ‘ந’-வும் அதன் வர்க்கமும் சேர்ந்தே நிற்பதால், வெறும் கழித்தலில் இது பிரியாது.

இங்கே கைகொடுப்பவர் பழைய இந்தியக் கணித அறிஞர் ஸ்ரீதரர். அவருடைய இயற்கணித நூல் இன்று இல்லை. இப்படிப்பட்ட சமன்பாட்டைத் தீர்க்கும் அவருடைய விதியை அவர் பெயரைச் சொல்லியே எடுத்தாண்டு காப்பாற்றித் தந்தவர் 12-ஆம் நூற்றாண்டின் பாஸ்கரர். வர்க்கத்தின் கெழு 3; அதன் நான்கு மடங்கான 12-ஆல் முழுவதையும் பெருக்குங்கள்: 36ந² + 240ந = 6000. நடுவில் இருந்த 20-இன் வர்க்கத்தை, அதாவது 400-ஐ, இருபுறமும் கூட்டுங்கள். இடப்பக்கம் (6ந + 20)² என்று முழு வர்க்கமாகிவிடும். வலப்பக்கம் 6400, அதாவது 80-இன் வர்க்கம். 6ந + 20 = 80; ந = 10 நொடி.

இந்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. 3-ஆல் பெருக்கும்போது முதல் உறுப்பு வர்க்கமாகிறது. கூடவே 4-ஆலும் பெருக்குவதால், நடுக்கெழு ஒற்றைப்படையாக இருந்தாலும் அரைப் பின்னம் எட்டிப்பார்ப்பதில்லை. பள்ளியில் மனப்பாடம் செய்யும் சூத்திரத்துக்குள் இருப்பதும் இதே வேலைதான். அதைக் கரும்பலகையில் ஒருமுறை செய்துகாட்டிவிட்டுச் சூத்திரத்தைத் தந்தால் பிள்ளைகள் பயப்படமாட்டார்கள்.

80-க்குப் பதில் −80 எடுத்தால்? அதன் வர்க்கமும் 6400தான். அப்போது ‘ந’ எதிர்மறை நேரமாகிறது. இந்த ரயிலுக்குப் பொருந்தாது. பாஸ்கரரின் பீஜகணிதத்திலும் இப்படியொரு குரங்குக் கணக்கு உண்டு. கூட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கில் மூன்றைக் குறைத்து, வர்க்கப்படுத்திய அளவு குரங்குகள் குகைக்குள் போய்விட்டன; வெளியே நிற்பது ஒன்று. மொத்தம் 50 அல்லது 5 என்று வரும். ஐந்தின் ஐந்தில் ஒரு பங்கு 1; அதில் மூன்றை எப்படிக் குறைப்பது? பாஸ்கரர் 5-ஐ விலக்கிவிட்டு 50-ஐ ஏற்றுக்கொண்டார்.