சாவிக்குள் ஒரு விடுகதை

இளங்கலை இயற்பியல், மூன்றாம் ஆண்டு

வாடகைக் கார் ஓட்டுபவர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சாவியின் ஓசை நன்கு பழகியிருக்கும். இரவு எந்நேரமானாலும், வாசல் நிலையில் அடித்திருக்கும் ஆணியில் சாவி மாட்டப்படும் ஓசை கேட்ட பின்னர்தான் எங்கள் வீட்டில் விளக்கை அணைப்போம். சென்ற ஆடி அமாவாசையன்று அந்த ஓசை கேட்கவில்லை. அப்பா வந்தார், வண்டி வரவில்லை.

ஈரோட்டிலிருந்து ஒரு குடும்பத்தாரைத் திதி கொடுப்பதற்காகப் பவானி கூடுதுறைக்கு அழைத்துச் சென்றிருந்தார். காவிரியும் பவானியும் கூடுமிடம். அன்றைய கூட்டத்தைச் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் சடங்கு முடிப்பதற்குள் தாமும் மூன்று முழுக்குப் போட்டுவிடலாம் என்று இறங்கியவர், சாவியை வேட்டி நுனியில் முடிந்திருக்கிறார். மூன்றாவது முழுக்கில் முடிச்சு அவிழ்ந்துவிட்டது. படித்துறைச் சிறுவர்கள் கயிற்றில் காந்தத்தைக் கட்டி வெகுநேரம் துழாவினார்கள். ஒரு ரூபாய் நாணயங்கள் வந்தன, சாவி வரவில்லை. எங்கள் சாவியின் தகடு பித்தளைமேல் நிக்கல் பூசியது. பித்தளையைக் காந்தம் இழுக்காதன்றோ! இதை நான் எடுத்துச் சொன்னபோது அப்பா என்னைப் பார்த்த பார்வையில், மூன்றாண்டு இயற்பியல் படிப்பும் ஆற்றோடு போயிற்று.

வண்டியில் வந்தவர்களை அப்பாவின் நண்பர் ஒருவர் தம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். எங்கள் வண்டி மட்டும் கூடுதுறை அருகே பூட்டிக் கிடந்தது.

மாற்றுச் சாவி இல்லையா என்று கேட்பீர்கள். அதுதான் நாங்கள் செய்த பெரும் பிழை. மூன்றாண்டுகளுக்கு முன் இதைப் பழைய வண்டியாக வாங்கினோம். விற்றவர் ஒரே சாவியைக் கொடுத்து, “இன்னொண்ணு வீட்டுல எங்கியோ கெடக்குதுங்க, தேடித் தாரேன்” என்றார். நாங்களும் நாலைந்து முறை கேட்டோம். பிறகு கேட்பதை விட்டுவிட்டோம்.

மறுநாள் காலை பெரிய பணிமனை ஒன்றில் விசாரித்தோம். வண்டியை இழுத்து வர 3,500 ரூபாய். பூட்டுத் தொகுதி முழுவதையும் அதனோடு சேர்ந்த மின்னணுப் பெட்டியையும் மாற்ற 19,800 ரூபாய். பாகங்கள் வந்து சேரப் பத்து நாள். ஆக 23,300 ரூபாய். வண்டிக்கடனின் மாதத் தவணை 9,400 ரூபாயை 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். வண்டி ஓடாத பத்து நாளில் அதை எங்கிருந்து கட்டுவது? அப்பா வாய்திறக்காமல் வெளியே வந்து தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். “கண்ணு, ஒரு சாவிக்கா இவ்வளவு?” என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு விடை தேடிப் படித்ததும் கண்டதுமே இக்கட்டுரை.

என் தாத்தா ஓட்டியது அம்பாசடர். 2014இல் தயாரிப்பு நின்றுபோன அந்த வண்டிக்குச் சாவி என்றால் வெறும் உலோகத் துண்டு. தொலைந்தால் சந்தைத் தெருவில் குடைக்கும் பூட்டுக்கும் ஒரே ஆளாக அமர்ந்திருப்பவர் அரத்தை எடுத்து ராவி, சற்று நேரத்தில் கையில் கொடுத்துவிடுவார். பூட்டுக்குள் சிறுசிறு தகடுகள் வில்லின்மீது வரிசையாக நிற்கும். சாவியின் வெட்டுகள் அத்தகடுகளைச் சரியான உயரத்தில் நிறுத்தினால் உருளை சுழலும், அவ்வளவுதான். எட்டுத் தகடுகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு உயரங்கள் என்று வைத்துக்கொண்டால் 65,536 விதமான சாவிகள் வரும். எண் பெரிதாகத் தோன்றும். ஆனால் பூட்டு தேய்ந்துவிட்டால் பக்கத்து வீட்டு அலமாரிச் சாவிக்கும் அது இணங்கிவிடும். வண்டி களவு பெருகியது இப்படித்தான்.

எனவே உலோகத்தோடு வேறொன்றையும் சேர்க்க எண்ணினார்கள். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1986ஆம் ஆண்டுக் கார்வெட் கார்களின் சாவியில் ஒரு சிறிய மின்தடையைப் பதித்தது. அதன் ஓம் மதிப்பை வண்டி அளந்து பார்க்கும்; மதிப்பு பொருந்தினால்தான் கிளம்பும். ஆனால் அதில் இருந்தவை 15 மதிப்புகளே. பதினைந்து மின்தடைகளை மாற்றி மாற்றிப் பார்க்க நம் ஆய்வகத்து முதலாண்டு மாணவருக்கும் ஒரு பிற்பகல் போதும்! அடுத்து வந்ததுதான் இன்று நம் கார்களில் இருக்கும் இம்மொபிலைசர் எனும் தடுப்பு முறை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 அக்டோபர் முதல் புதிய கார்களுக்கு இது கட்டாயமாயிற்று.

சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள், புளியங்கொட்டையைவிடச் சிறியதாக ஒரு சிப் இருக்கிறது. டிரான்ஸ்பாண்டர் என்பது அதன் பெயர். அதற்குப் பேட்டரி கிடையாது. பிறகு எப்படி இயங்குகிறது? 1831இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல்தான் அதற்கு உயிர். சாவி நுழையும் துளையைச் சுற்றி வளையமாக ஒரு கம்பிச்சுருள் இருக்கும். சாவியைத் திருப்பியதும் அச்சுருளில் பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் மாறுமின்னோட்டம் பாய்கிறது. சிப்புக்குள் இருக்கும் மயிரிழைச் சுருளில் அதனால் மின்னழுத்தம் தூண்டப்பட, சிப் விழித்துக்கொள்கிறது. நாம் ஆய்வகத்தில் முதற்சுருள், துணைச்சுருள் என்று வைத்துச் செய்யும் அதே சோதனைதான்.

விழித்தவுடன் நடப்பது இன்னும் சுவையானது. தொடக்ககாலச் சிப்புகள் தம் எண்ணை அப்படியே ஒப்பித்தன; ஒட்டுக் கேட்டவன் அதைப் படியெடுத்துக்கொள்ளலாம். பின்வந்தவற்றில் வண்டி ஒவ்வொரு முறையும் புதியதொரு எண்ணை விடுகதைபோல் போடும். தனக்குள் இருக்கும் இரகசிய எண்ணைக்கொண்டு சிப் அதைக் கணக்கிட்டு விடையை மட்டும் அனுப்பும். இரகசிய எண் வெளியே வருவதே இல்லை. விடை சரியென்றால் எஞ்சினின் கணிப்பொறி எரிபொருளைத் திறந்துவிடும். தவறென்றால், சில வண்டிகளில் செல்ஃப் அடித்து எஞ்சின் ஓரிரு விநாடி ஓடி அணைந்துவிடும். சிலவற்றில் செல்ஃபே எடுக்காது. டேஷ்போர்டில் சாவி வடிவ விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் இதுதான் பொருள்.

புதுச் சாவி வந்தபின் நான் ஒரு சோதனை செய்து பார்த்தேன். சாவியின் தலையில் சமையலறை அலுமினியத் தாளைப் பல சுற்றுச் சுற்றித் திருப்பினேன். எஞ்சின் உறுமிவிட்டு அணைந்தது. தாளில் எழும் சுழல் மின்னோட்டங்கள் காந்தப்புலத்தைச் சிப்பிடம் போகவிடாமல் தடுத்துவிடுகின்றன. “தொலைஞ்சது பத்தாதுன்னு இது வேறயா?” என்று அம்மா தாளைப் பிடுங்கிக்கொண்டார்.

இங்கே ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். கதவைத் திறக்கும் ரிமோட் பொத்தான் வேறு. இந்தச் சிப் வேறு. ரிமோட்டுக்குப் பொத்தான் பேட்டரி உண்டு. அது வேறு அலைவரிசையில் பேசும். ரிமோட் செத்துப்போனாலும் சாவியின் சிப்பு நன்றாயிருந்தால் வண்டி கிளம்பும். ரிமோட் வேலை செய்யவில்லை என்பதற்காகவே புதுச் சாவிக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

நம் கதைக்கு வருவோம். அன்று மாலை அப்பாவுக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் ஒரு வழி சொன்னார். ஒரு சிப்பை வண்டிக்குப் பழக்கி, அதை ஸ்டியரிங்குக்கு அடியில் அந்த வளையச் சுருளின் பக்கத்திலேயே நிரந்தரமாக ஒட்டிவிட்டால் போதுமாம்; அதன்பின் முப்பது நாற்பது ரூபாய்க்கு வெட்டும் வெறும் உலோகச் சாவியே வண்டியைக் கிளப்பிவிடும். எத்தனை சாவி வேண்டுமானாலும் மலிவாக வெட்டிக்கொள்ளலாம். அப்பாவுக்கு ஆசை வந்துவிட்டது. நான் விடவில்லை. விடுகதையையும் விடையையும் வண்டிக்குள்ளேயே வைத்துவிட்டால் பூட்டுக்கு என்ன வேலை? தாத்தாவின் அம்பாசடருக்கே திரும்பிவிடுகிறோம். அதுவும் கடன் முடியாத வண்டியோடு. இது மலிவன்று.

அடுத்த நாள் ஈரோட்டிலிருந்து சாவிக்காரர் ஒருவர் வரச் சம்மதித்தார். கூடுதுறைக்கே இருசக்கர வண்டியில் ஒரு பையோடு வந்தார். முப்பது வயதுகூட இராது. வந்ததும் அவர் கேட்டது பணமன்று.

“ஆர்.சி.யும் ஆதாரும் காட்டுங்ணா. பாக்காம வண்டியத் தொட மாட்டனுங்.”

அப்பாவின் முகம் சிவந்துவிட்டது. “ஏன் தம்பி, என் வண்டிக்கு நான் சாவி கேட்டா, திருடன்கிட்டக் கேக்கற மாதிரி கேக்கறே?”

“கோவிச்சுக்காதீங்ணா. இதே பையத் தூக்கிட்டு ராத்திரி வந்தா நானும் திருடன்தானுங்.”

ஆர்.சி. வண்டிக்குள் பூட்டிக் கிடந்தது. அப்பாவின் செல்பேசியில் டிஜிலாக்கரில் இருந்ததைக் காட்டினேன். காவல் நிலையத்தில் மனுக் கொடுத்து வாங்கியிருந்த சி.எஸ்.ஆர். ரசீதையும் காட்டினோம். வண்டி எண், பெயர், தேதி எல்லாவற்றையும் ஒரு நீண்ட நோட்டில் எழுதி அப்பாவிடம் கையெழுத்து வாங்கிய பிறகே பையைத் திறந்தார்.

அவர் சொன்னது வெறும் பேச்சன்று. சாவிக்காரருக்குத் தெரிந்த வித்தை கள்வனுக்கும் தெரியும். 40 பிட் நீளமுள்ள இரகசிய எண்ணைக் கொண்ட ஒருவகைச் சிப்பை, 2005இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு மணி நேரத்துக்குள் உடைத்துக் காட்டினார்கள். 40 பிட் என்றால் ஏறத்தாழ 1.1 லட்சம் கோடி எண்கள், அதுவும் போதவில்லை. மற்றொரு வகைச் சிப்பின் பலவீனத்தைக் கண்ட ஆய்வாளர்களின் கட்டுரையை வெளியிடக் கூடாதென்று 2013இல் வோக்ஸ்வாகன் நிறுவனம் இங்கிலாந்து நீதிமன்றத்தில் தடை வாங்கியது. 2015இல்தான் அது வெளிவந்தது. மறைத்து வைப்பதால் பூட்டு வலுப்பெறுமா என்ற வழக்கு இன்றும் அறிஞர்களிடையே நடக்கிறது. என்னைக் கேட்டால், அந்த நோட்டும் கையெழுத்தும்தான் சாவிக்காரரையும் கள்வனையும் பிரிக்கும் கோடு என்பேன்.

வேலை இரண்டு பகுதியாக நடந்தது. முதலில் உலோகம். சிறு அளவுக் கருவியொன்றைக் கதவுப் பூட்டுக்குள் நுழைத்து, ஒவ்வொரு தகட்டின் உயரத்தையும் விரலாலேயே உணர்ந்து தாளில் எண்களாகக் குறித்தார். அந்த எண்களைக்கொண்டு கையடக்க இயந்திரத்தில் புதுத்தகட்டை வெட்டினார். கதவு திறந்தது. அப்பா உள்ளே போய் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தடவிப் பார்த்துக்கொண்டார். ஆனால் வண்டி கிளம்பவில்லை. உடலிருந்தது, சொல் இல்லை.

இரண்டாவது, அச்சொல்லைப் பழக்குவது. இதைச் ‘சாவிக்கு புரோகிராம் போடுவது’ என்கிறார்கள். உண்மையில் பெரும்பகுதி வேலை வண்டிக்குத்தான்: ‘இந்தச் சிப் நம்முடையது’ என்று வண்டியின் நினைவகத்தில் பதிய வேண்டும். டேஷ்போர்டுக்கு அடியில் 16 ஊசித்துளைகள் கொண்ட ஒரு சொருகி இருக்கிறது. அதில் தம் கருவியைச் செருகினார். அதற்குமுன் வண்டியின் பேட்டரியோடு வேறொரு பேட்டரியை இணைத்துக்கொண்டார். பதியும்போது மின்னழுத்தம் சரிந்தால் வேலை பாதியில் நின்று பெட்டியே கெட்டுவிடக் கூடும் என்று விளக்கினார். பழைய சாவியின் பதிவையும் அழித்துவிட்டார். இனி ஆற்றில் போன சாவி யார் கையில் கிடைத்தாலும் கதவைத் திறக்கலாம். வண்டியைக் கிளப்ப முடியாது. பணிமனையார் பூட்டுத் தொகுதியையே மாற்றச் சொன்னதன் காரணம் அப்போது விளங்கியது. அந்தக் கதவையும் அடைப்பது அவர்கள் முறை. ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். வீட்டு முகவரி தெரிந்தவன் சாவியைத் திருடியிருந்தால் நானும் அதைத்தான் செய்யச் சொல்வேன். ஆற்றோடு போன சாவிக்கு அது வேண்டியதில்லை.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வந்துபோகும் செலவு உட்பட முதற்சாவி 4,500 ரூபாய். “ரெண்டாவது சாவிக்கு 1,200 போதுங்ணா, கருவிதான் ஏற்கெனவே மாட்டியிருக்குதே” என்றார். அப்பா தயங்கினார். நான் தயங்கவில்லை. ரிமோட் வேண்டாமென்று விட்டதில் ஆயிரத்துக்கு மேல் மிச்சம். மொத்தம் 5,700 ரூபாய். இரண்டரை மணி நேரம். கையில் ஒரு சாவி இருந்து மற்றொன்று போட வந்திருந்தால் அந்த 4,500இலும் பாதிகூட ஆகியிராது என்றார் அவர். பூட்டை அளக்க வேண்டியதில்லை. பல வண்டிகளில் இருக்கும் சிப்பையே படியெடுத்துவிடலாம். பழைய வண்டி வாங்குவோர் இரண்டாவது சாவியையும், சாவி எண் பொறித்த சிறு தகடு இருந்தால் அதையும் கேட்டு வாங்க வேண்டும். இல்லையென்றால் விலையில் அந்தத் தொகையைக் குறைக்கச் சொல்ல வேண்டும். வண்டி களவு போனால் காப்பீட்டு நிறுவனங்கள் இரண்டு சாவிகளையும் கேட்பது வழக்கம். காப்பீட்டிலேயே சாவி இழப்புக்கெனத் தனியாகச் சிறு தொகை கட்டும் பிரிவும் உண்டு. எங்கள் வண்டிக்கு முழுக்காப்பீடு இருந்தும் அந்தப் பிரிவைச் சேர்க்காமல் விட்டிருந்தோம். இவ்வாண்டு புதுப்பித்தபோது சேர்த்துவிட்டோம்.

சாவிக்காரர் கிளம்பும்போது, இருக்கும் சாவிக்கும் இனிச் சிப் கெடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். கீழே போட்டு உடைத்தால் உலோகம் தப்பினாலும் உள்ளிருக்கும் சிறு சுருள் அறுந்துபோகலாம் என்றார். சாவியின் வெட்டு எண்கள் எழுதிய தாளையும் எங்களிடமே கொடுத்துவிட்டார்.

தவணையைப் 14ஆம் தேதி கட்டினோம். இரண்டாவது சாவியையும் அந்தத் தாளையும் அம்மா அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறார். அப்பா இப்போதும் கூடுதுறைக்குச் சவாரி போகிறார். முழுகுவதற்கு முன் சாவியைத் தேங்காய் பழக் கடைக்காரரிடம் கொடுத்துவிடுகிறார்.