இறக்கை மீது படியும் உறைபனி

விமான விபத்து என்றதும் எம்மவர் மனக்கண்ணில் தோன்றுவது வானில் நேரும் அனர்த்தமே. ஆயினும் குளிர்வலய நாடுகளில் சிறிய விமானங்களுக்கு ஏற்படும் விபத்துகள் பலவற்றின் வேர், விமானம் தரையில் நின்ற வேளையிலேயே ஊன்றப்பட்டு விடுகின்றது.

2004 ஜனவரி 17ஆம் திகதி, கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ஈரி வாவியிலுள்ள பீலி தீவிலிருந்து வின்சர் நகரை நோக்கிப் புறப்பட்ட செஸ்னா கரவன் ரக விமானமொன்று சில நிமிடங்களுக்குள் உறைந்த வாவியின் மீது வீழ்ந்தது. விமானி உட்பட அதில் இருந்த 10 பேரும் உயிரிழந்தனர். புறப்படும் போதே விமானத்தில் பனிக்கட்டி படிந்திருந்தது. அனுமதிக்கப்பட்ட உச்ச எடையையும் அது குறைந்தது 15 சதவீதத்தால் மீறியிருந்தது. கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை மேற்கொண்ட விசாரணையின் முடிவு இது.

மெல்லிய பனிப்படலம் ஒரு விமானத்தை வீழ்த்துமா என்ற வினா இங்கு எழுவது இயல்பு. நுவரெலியாவில் தை மாத அதிகாலைகளில் தேயிலைக் கொழுந்தின் மீது படியும் வெண்ணிற உறைபனியை எம்மில் பலர் கண்டிருப்பர். அதையொத்த படலமே இரவில் வெட்டவெளியில் நிறுத்தப்பட்ட விமானத்தின் இறக்கையிலும் படிகின்றது. இறக்கையின் வளைந்த மேற்பரப்பைத் தழுவிக் காற்று சீராக ஓடினாலே விமானம் மேலெழும். பரப்பு சொரசொரப்பானால் அந்த ஓட்டம் குலைகின்றது. தச்சர்கள் மரத்தைத் தேய்க்கும் கரடுமுரடான தாளின் தன்மையுள்ள படலமே, தூக்குவிசையை 30 சதவீதம் வரை குறைத்து, பின்னிழுக்கும் விசையை 40 சதவீதம் வரை கூட்டக்கூடும் எனப் பரிசோதனைகள் காட்டியுள்ளன. ஆபத்து பனியின் பாரத்தில் மட்டுமன்றி, அதன் சொரசொரப்பிலும் உள்ளது.

எனவேதான் இறக்கைகள் முற்றாகத் துப்புரவாக்கப்படும் வரை புறப்படலாகாது என்பது விதியாக்கப்பட்டுள்ளது. உறைபனியைத் தேய்த்து வழுவழுப்பாக்கினால் போதும் என்றிருந்த சலுகையை அமெரிக்கா 2010இல் நீக்கியது. கண்ணால் பார்ப்பது போதாது. தெளிவான பனிக்கட்டி கண்ணுக்குப் புலப்படாதாகையால் கையால் தடவிப் பார்ப்பதே உறுதியான சோதனை. சுடுநீர் ஊற்றுவதும் தவறு. வழிந்தோடும் நீர் இறக்கையின் அசையும் பாகங்களின் இடுக்குகளில் மீண்டும் உறைந்து அவற்றை இறுக்கிவிடும்.

விமானியின் கவனத்துக்குரியவை வேறும் உள. கடுங்குளிரில் எண்ணெய் தடித்துவிடுவதால் இயந்திரத்தை முன்கூட்டியே சூடாக்க வேண்டும். எரிபொருளில் கலந்த நீர் உறைந்து குழாயை அடைக்கலாம். பல சிறிய விமானங்களில் புகைபோக்கியைச் சூழ்ந்த வெப்பக் காற்றே அறையைச் சூடாக்குகின்றது. புகைபோக்கியில் வெடிப்பு ஏற்பட்டால் மணமற்ற, நிறமற்ற காபனோரொட்சைட்டு உள்ளே புகுந்து விமானியை மயக்கிவிடும். வழுக்கும் தரையில் சுழலும் உந்துவிசிறிக்கு அருகே நடப்பவரின் ஒரு சறுக்கலும் உயிரைப் பறிக்கும்.

இவை விமானிகள் அறியாதவை அல்ல. அறிந்தும் தவறுவதே கவலைக்குரியது. சிறிய விமானத் தளங்களில் பெரும்பாலும் பனி அகற்றும் வாகனமோ உதவியாளரோ இருப்பதில்லை. நடுங்கும் குளிரில் விமானி தனியாக ஏணி வைத்துத் துடைக்க வேண்டும். பயணிகள் காத்திருக்கின்றனர், பொழுது சாய்கின்றது. 'இவ்வளவு தானே' என்ற எண்ணம் அங்கேதான் தலைதூக்குகின்றது. 2017 டிசம்பரில் கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணத்தில் 25 பேருடன் புறப்பட்ட சற்றுப் பெரிய விமானமொன்றும் பனி படிந்த நிலையிலேயே எழுந்து வீழ்ந்தது. அதன் பின்னர், தொலைதூரத் தளங்களுக்குப் போதிய பனி அகற்றும் உபகரணங்கள் வழங்கப்பட வேண்டும் என அதே பாதுகாப்புச் சபை 2018இல் பரிந்துரைத்தது.

தனிமனித ஒழுக்கத்தை மாத்திரம் வலியுறுத்துவதால் பயனில்லை; அதைக் கடைப்பிடிப்பதற்கான வசதியும் செய்து கொடுக்கப்பட வேண்டும். எமது உறவினர்கள் பெருந்தொகையாக வாழும் நாடு கனடா என்பதால் இது எமக்கு அந்நியமான விடயமுமல்ல. விமானி இறக்கையைத் துடைக்கும் வரை காத்திருக்க நேர்ந்தால், பயணிகள் அத்தாமதத்தைக் குறைகூறாது ஏற்றுக்கொள்வதே விவேகமாகும்.