திதிச் சமையலும் வீட்டுக் கொல்லையும்

மகாளய பட்சம் நெருங்கும் நாள்களில் நகரத்துக் காய்கறிக் கடைகளில் பிரண்டைத் துண்டுகள் சிறு கட்டுகளாக விலைக்கு வந்துவிடுகின்றன. ஒரு தலைமுறைக்கு முன்பு அண்டை வீட்டு வேலியில் கேளாமலே ஒடித்துக்கொண்ட கொடி அது!

சிராத்தச் சமையலில் உருளைக்கிழங்கு, தக்காளி, முட்டைக்கோஸ் ஆகியவற்றுக்கு இடமில்லை. காரத்துக்கும் மிளகாய் ஆகாது; மிளகுதான். உருளையும் தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவை; கோஸ் ஐரோப்பியர் கொணர்ந்தது. அவை வருமுன் இருந்த அடுக்களையை ஆண்டுக்கொரு முறையேனும் அப்படியே காத்துவருவது திதிநாள் ஒன்றே. வாழைக்காய், பாகல், புடலை, அவரை, சேப்பங்கிழங்கு, பிரண்டை, இஞ்சி, கறிவேப்பிலை எனச் சொல்லிப் பார்த்தால், அது பழைய வீட்டுக் கொல்லையின் பட்டியலே என்பது விளங்கும். (எது ஏற்புடையது என்பதில் குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபாடு உண்டு, குல வழக்கே முடிவானது.)

வசிஷ்டர் இல்லத்துச் சிராத்தத்துக்கு 1008 கறி வேண்டுமென்றார் விசுவாமித்திரர். அருந்ததி பாகலை நூறாகவும், பிரண்டையை முந்நூறாகவும், பலாவை அறுநூறாகவும் கணக்கிட்டு, மேலும் எட்டுக் கறிகளுடன் இலையை நிறைத்தாள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கொல்லையில் விளைந்ததைக் கொண்டே அந்த அம்மையார் சமாளித்தார் போலும்!

இப்பயிர்களுக்குப் பெரிய தோட்டம் வேண்டியதில்லை. இரண்டு கணுவுள்ள பிரண்டைத் துண்டைத் தொட்டியில் ஊன்றினாலே துளிர்க்கும். துவையலுக்கு இளங்கொழுந்தே ஏற்றது. கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நார் உரித்தால் அரிப்பு இராது. அரிசி களைந்த நீர் ஓடும் இடத்தில் வாழையும் சேம்பும் தாமே செழிக்கும். சேம்பு கிழங்கு வைக்க ஐந்தாறு மாதமாகும்; ஆதலால் சித்திரையிலேயே நட்டுவிட வேண்டும். பாகலும் புடலையும் ஆடிப் பிறப்பில் விதைத்தால் ஏறக்குறைய அறுபது, எழுபது நாளில், புரட்டாசி மகாளய அமாவாசையை ஒட்டிக் காய்க்கு வரும். முன்னோர் காலத்தையும் விதைப்பையும் இணைத்து வைத்திருந்த அழகு இது.

பாகற்பூ காலையில் விரியும். புடலம்பூவோ மாலையில் விரிந்து, இரவில் வரும் அந்துப்பூச்சிக்காகக் காத்திருக்கும். மாடித் தோட்டத்தில் பூச்சி வரத்துக் குறைவென்றால், அந்திவேளையில் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவின் நடுவே மெல்லத் தொட்டுவிடலாம். பிஞ்சு நீளத் தொடங்கியதும் நுனியில் சிறு கல் கட்டினால் காய் வளையாது. எல்லாக் காயையும் பறித்துவிடாமல், திரட்சியான ஒன்றைக் கொடியிலேயே சிவந்து பழுக்கவிட்டு, விதையைச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்தி வைத்தால், அடுத்த ஆடிக்குக் கடை தேடவேண்டியதில்லை.